தண்ணீரில் இறக்க மறுத்தவர்

அந்தச் சபையில் பத்தொன்பது வருடம் போதகராக இருந்தவரை எல்லோரும் முகத்துக்கு நேராக பாஸ்டர் என்றும், முதுகுக்குப் பின்னால் கடுகு என்றும் சொன்னார்கள். சூடு பட்டதும் வெடிப்பார் என்பதால் வந்த பெயர். அது அவருக்கும் தெரியும். ஒருமுறை பாடல் பயிற்சி நடந்த அறைக்குள் நுழைந்து, “கடுகு வந்தாச்சு. பொரியறதுக்குள்ள சுருதியைச் சரி பண்ணுங்க” என்று அவரே சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் சொன்னதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளலாமா என்று யாருக்கும் எப்போதும் தெரிந்ததில்லை.

சபை கூடிய இடம் முன்பு ஒரு நாற்காலிக் கடையின் கிடங்கு. ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் பல் மருத்துவர். ஜெபத்துக்குத் தலை குனிகிற நேரம் பார்த்துத்தான் டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் உறுமும். மேடைப் பலகைகளுக்கு அடியில் ஞானஸ்நானத் தொட்டி இருந்தது. அது பாப்டிஸ்ட் சபை. கைக்குழந்தையின் தலையில் தண்ணீர் தெளிக்கிற வழக்கம் அங்கே கிடையாது. வளர்ந்த ஆள், ‘நான் நம்புகிறேன்’ என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் போதகர் கைப்பிடித்துத் தண்ணீரில் இறக்கி, முழுதாக முக்கி எடுப்பார். வெள்ளிக்கிழமை மதியம் ரப்பர் குழாயைப் போட்டால் சனிக்கிழமை காலையில்தான் இடுப்பளவு நிறையும். குழாயைப் போடுவதும் அவர்தான், ஞாயிறு மதியம் முட்டிக்கால் போட்டு அடைப்பானைப் பிடுங்குவதும் அவர்தான்.

காலை ஐந்தரைக்கு எழுந்து சமையலறை மேசையில் உட்கார்ந்து பென்சிலால் பிரசங்கம் எழுதுவார். மனைவி ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் உதவியாளர். அவர் ஏழேகாலுக்குக் கிளம்பும் முன்னால் மேசையைக் காலி செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சாப்பாட்டு டப்பாவின் மூடி பிரசங்கத்தின் மேல்தான் வந்து உட்காரும். செவ்வாயும் வியாழனும் வீடுகளைச் சந்திப்பார். புதன்கிழமை மருத்துவமனை. காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணோடு நான்கு மாதம் படுத்துக் கிடந்த ஒரு லாரி ஓட்டுநரைச் சபையில் வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இவர் ஒரு புதன் விடாமல் போனார். போய், “வாய்க்கட்டுப்பாடு இல்லாத ஆளுக்குப் புண்ணு எப்படிய்யா ஆறும்?” என்று திட்டினார். திட்டிக்கொண்டே நகம் வெட்டிவிட்டார். பிறகு ஜெபம் செய்தார்.

மனிதர்களை நேசிப்பதுதான் அவருடைய வேலை. அது அவருக்கு வரவில்லை. கைவராத வேலையில் மாட்டிக்கொண்டவன் எதையும் விட்டுவிடாமல் செய்வான் இல்லையா, அப்படிச் செய்தார். காலையில் சபையாரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிக்கும்போது சில பெயர்களில் அவருக்குத் தொண்டை அடைக்கும். பாசத்தால் அல்ல, எரிச்சலால். அதையும் ஒளிக்காமல் கடவுளிடம் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போவார்.

அப்படித் தொண்டையை அடைத்த பெயர்களில் முதலாவது டைல்ஸ் கடைக்காரருடையது. அவர் சபையின் மூத்த டீக்கன். போதகருக்கு உதவியாகச் சபையார் தேர்ந்தெடுத்த நான்கு பேரில் தலைவர் மாதிரி. தொட்டியில் நீல டைல்ஸ் ஒட்டிக் கொடுத்தது அவர்தான். பேசும்போது கையால் காற்றில் எதையோ சமன் செய்துகொண்டே பேசுவார். முதல் வரிசையில் இடது ஓர நாற்காலி அவருடையது. ஒரு புது ஆள் தெரியாமல் அதில் உட்கார்ந்தபோது பாட்டு முடியும் வரை பக்கத்தில் நின்றே அவரை எழுப்பிவிட்டார்.

அவருடைய ஒரே மகளுக்கு இருபத்தாறு வயது. பிசியோதெரபி படித்துவிட்டு ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தாள். திருமணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேறு ஊரில் இதே வகைச் சபை. பெண் ஞானஸ்நானம் எடுத்திருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். திருமணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டீக்கன் வந்து, “வர்ற வாரம் பாப்பாவுக்கு முழுக்குக் கொடுத்துடுங்க பாஸ்டர். வெள்ளிக்கிழமை தண்ணி போட்டுடுங்க” என்றார்.

“நான் முதல்ல பேசணும்ணே.”

“பேசுங்க, பேசுங்க. உங்க கண்ணு முன்னால வளர்ந்த பிள்ளை. பேச என்ன இருக்கு?”

செவ்வாய்க்கிழமை மாலை அவள் போதகரின் வீட்டுக்கு வந்தாள். வழக்கப்படி கதவைத் திறந்தே வைத்து அவர் ஒரு நாற்காலியிலும் அவள் எதிர் நாற்காலியிலும் உட்கார்ந்தார்கள். மனைவி பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எல்லோரிடமும் கேட்கிற முதல் கேள்வியை அவர் கேட்டார். அவள் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தாள்.

“எனக்கு நம்பிக்கை இல்ல அங்கிள். பதினாறு, பதினேழு வயசுலயே போயிடுச்சு. பாட்டுப் பாடுவேன், கண்ணை மூடுவேன். உள்ள ஒண்ணும் இல்ல.”

“உங்க அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா என்னை உயிரோட விடுவாரா? அம்மா படுத்த படுக்கையாயிடுவாங்க. நீங்க சும்மா முக்கி எடுத்துடுங்க. தண்ணிதானே.”

“தண்ணிதான்னு நினைக்கிறவங்களை நான் இறக்க முடியாதும்மா.”

“கல்யாணம் நின்னுடும் அங்கிள்.”

அவருக்குக் கோபம் வந்தது. அவளுக்கு நம்பிக்கை இல்லாததற்கு அல்ல; அதைத் தன்னிடம் வந்து சொன்னதற்கு. “பொய் சொல்லியிருக்கலாமே! ‘ஆமா’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நம்பித் தொலைச்சிருப்பேன். இதை என் தலையில கட்டிட்டுப் போறியா?”

“உங்ககிட்டப் பொய் சொல்லத் தோணல” என்றாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. “யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. ஆன்ட்டிகிட்டகூட.”

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்த கணமே, கிணற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு குதித்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் அவர் டைல்ஸ் கடைக்குப் போனார். டீக்கன் ஒரு வாடிக்கையாளருக்குக் குளியலறைத் தரையைக் காட்டிக்கொண்டிருந்தார். அவரை ஓரமாக அழைத்து, “இப்போ வேண்டாம்ணே. காரணம் கேட்காதீங்க. பாப்பாகிட்ட நீங்களே உட்கார்ந்து பொறுமையாப் பேசுங்க” என்றார்.

டீக்கனின் கை காற்றில் அப்படியே நின்றது. “என் பொண்ணு மேல என்ன குறை கண்டீங்க?”

“குறைன்னு நான் சொல்லலையே.”

“பின்ன வேற என்ன அர்த்தம்? கல்யாணம் நிச்சயமான பொண்ணுக்கு முழுக்குக் கிடையாதுன்னு சொன்னா ஊர் என்ன பேசும்? உங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?”

“பண்ணுவேன்.”

அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். வாடிக்கையாளர் டைல்ஸைக் கீழே வைத்துவிட்டு நழுவினார். “வெளிய போங்க” என்றார் டீக்கன். போதகர் வெளியே வந்தார்.

ஊர் பேசத்தான் செய்தது. அந்தப் பெண்ணுக்கு வேறு யாரோடோ தொடர்பாம் என்று பாடல் குழுவில் ஒருத்தி சொன்னாள். வியாழக்கிழமைக்குள் அது ஒரு டாக்டர் என்றும், சனிக்கிழமைக்குள் கல்யாணமான டாக்டர் என்றும் ஆகிவிட்டது. போதகரின் காதுக்கு அது வந்தபோது அவர் அந்தப் பேச்சைக் கிளப்பியவளின் வீட்டுக்கே போய், வாசலில் நின்று, “நாக்கைக் கொஞ்சம் உள்ள வெச்சுக்கோம்மா, வெயில் அடிக்குது” என்று கத்திவிட்டு வந்தார். அதனால் பேச்சு நிற்கவில்லை. பாஸ்டருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, அதனால்தான் இவ்வளவு கோபம் என்று இன்னும் வளர்ந்தது.

தன் மௌனம் அந்தப் பெண்ணைக் காக்கவில்லை, சேற்றில் தள்ளுகிறது என்று அவருக்குப் புரிந்தது. கிளினிக்குக்குப் போனார். அவள் ஒரு பெரியவரின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. திரைக்கு வெளியே வந்து, குரலை அடக்கிக்கொண்டு பேசினாள்.

“எதுக்கு இங்க வந்தீங்க?”

“நீயே சொல்லிடும்மா அப்பாகிட்ட. நான் கூட வர்றேன். என்னைத் திட்டட்டும், அடிக்கட்டும்.”

“நீங்க ஒரு நிமிஷம் தண்ணியில இறக்கியிருந்தா இதெல்லாம் இல்ல. உங்க நேர்மைக்கு நான் அவமானப்படணும், அப்படித்தானே?”

“நான் வாக்குக் கொடுத்ததால வாயைத் திறக்க முடியல.”

“அதையாவது காப்பாத்துங்க” என்று சொல்லிவிட்டுத் திரையை இழுத்து மூடினாள். உள்ளே பெரியவர், “யாரும்மா அது?” என்று கேட்டதும், “யாரோ, தப்பா வந்துட்டார்” என்று அவள் சொன்னதும் இவருக்குக் கேட்டது.

பாப்டிஸ்ட் சபைக்கு மேலே ஆயர் கிடையாது, அனுப்புவதற்கும் மாற்றுவதற்கும் அலுவலகம் கிடையாது. போதகரை வைப்பதும் நீக்குவதும் அங்கத்தினர்களின் ஓட்டு. டீக்கன் கையெழுத்து வாங்கினார். இரண்டு வாரத்தில் சிறப்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டது. அந்த இரண்டு வாரமும் போதகர் சந்திக்கப் போன வீடுகளில் பாதி பூட்டியிருந்தன. உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. “என்னங்க நடந்துச்சு? எனக்காவது சொல்லுங்க” என்று மனைவி நான்கு நாள் கேட்டார்.

“சொல்ல முடியாது.”

“நான் யாரோ ஒருத்தியா?”

“வாக்குக் கொடுத்துட்டேன்.”

“எனக்கும் ஒரு வாக்குக் கொடுத்தீங்க. முப்பது வருஷத்துக்கு முன்னால. ஞாபகம் இருக்கா?” அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. பாத்திரங்கள்தான் சற்று உரக்கப் பேசின.

கூட்டம் நடந்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் யாரும் எழுந்து போகவில்லை. சபைச் செயலாளரான ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் மேடைக்குக் கீழே ஒரு மேசை போட்டு உட்கார்ந்தார். போதகரை எதிரே ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். டீக்கன் எழுந்து ஒரு தாளைப் படித்தார். அதில் மகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போதகர் கோபக்காரர். வயதானவர்களை அதட்டுகிறார். பிரசங்கம் முக்கால் மணி நேரத்தைத் தாண்டுகிறது. ஒரு பெண் அங்கத்தினரை அவள் வீட்டு வாசலிலேயே அவமானப்படுத்தினார். கட்டடக் காண்ட்ராக்டரின் அடக்க ஆராதனையில், பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, ‘இவர் சுலபமான மனிதர் அல்ல’ என்று சொன்னார்.

“சொன்னேன்” என்றார் போதகர். “சுலபமான மனுஷனா அவர்?”

பின் வரிசையில் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். காண்ட்ராக்டரின் மனைவி மட்டும் ஆடாமல் அசையாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபோது, தான் உண்மை என்று நினைத்துச் சொன்ன எத்தனையோ வாக்கியங்கள் யார் யார் வீட்டில் போய் எப்படி விழுந்திருக்கும் என்று போதகருக்கு முதல்முறையாக உறைத்தது. அதைச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் மன்னிப்புக் கேட்டால் ஓட்டுக்காகக் கேட்பதாகத் தோன்றும் என்று நினைத்து விட்டுவிட்டார்.

“பாஸ்டர், நீங்க ஏதாவது சொல்லணுமா?” என்று டீச்சர் கேட்டார்.

“கோபக்காரன்தான். பிரசங்கம் நீளம்தான். தண்ணியில இறக்காத விஷயத்துல மட்டும் நான் தப்புப் பண்ணல. அவ்வளவுதான்.”

“காரணத்தைச் சொல்லுங்க! சபை முன்னால சொல்லுங்க!” டீக்கன் கத்தினார். மூன்றாவது வரிசையில் அம்மாவின் பக்கத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. சபை முழுக்க அவளையும் போதகரையும் மாறி மாறிப் பார்த்தது. அவள் எழுந்து நிற்பாள் என்று அவர் ஒரு கணம் எதிர்பார்த்தார். எழவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டார்.

சீட்டுகள் கொடுக்கப்பட்டன. மொத்தம் எண்பத்தேழு பேர். போதகரும் ஓர் அங்கத்தினர் என்பதால் அவருக்கும் ஒரு சீட்டு வந்தது. சற்று நேரம் அதைக் கையில் வைத்திருந்தார். பிறகு கூச்சத்தோடு, ‘இருக்கட்டும்’ என்று எழுதி மடித்தார். டீச்சர் இரண்டு முறை எண்ணினார். போக வேண்டும் என்றவர்கள் நாற்பத்து மூன்று. இருக்கட்டும் என்றவர்கள் நாற்பத்து நான்கு.

வீட்டுக்கு வந்து சட்டைக்கைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே, “நான் எனக்கே போட்ட ஓட்டுல பிழைச்சேன், பாத்தியா” என்றார் மனைவியிடம். அசடு வழியச் சிரித்தார்.

மனைவி சிரிக்கவில்லை. “நான் போகணும்னு போட்டேன்” என்றார்.

அவர் பித்தானை விட்டுவிட்டார். “என்ன சொல்ற?”

“காதுல விழுந்துச்சு உங்களுக்கு.”

“நீயுமா? அந்த ஆளோட சேர்ந்துக்கிட்டு?”

“யாரோடயும் சேரல. பத்தொன்பது வருஷமா இந்த ஜனங்க உங்களைக் கடிச்சுத் தின்னாங்க. நீங்க அவங்களைக் கடிச்சீங்க. ரெண்டு பக்கமும் தின்னது போக மிச்சம்தான் வீட்டுக்கு வரும். எனக்கு மிச்சம் போதும் போதும்னு ஆயிடுச்சு. போகச் சொன்னா நிம்மதியாப் போகலாம்னு நினைச்சேன். ஒரே ஒரு ஓட்டுல கெடுத்துட்டீங்க.”

அவர் கத்தினார். சபையாரிடம் கத்தாத வார்த்தைகளையெல்லாம் அன்று மதியம் மனைவியிடம் கத்தினார். மனைவியும் விடவில்லை. பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். ஒன்பது நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பத்தாம் நாள், “கேஸ் தீரப்போகுது” என்று மனைவி சுவரைப் பார்த்துச் சொன்னார். அவர் போய்ச் சிலிண்டருக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த நாட்களில் வேலைக்கு ஒன்றும் குறைவில்லை. புதன்கிழமை மருத்துவமனை, ஞாயிறு பிரசங்கம். எந்த நாற்பத்து மூன்று பேர் என்று தேடக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டு மேடை ஏறுவார். ஏறியதும் கண் தேட ஆரம்பித்துவிடும். வாசலில் நின்று கைகுலுக்கும்போது பலர் பக்கத்துக் கதவு வழியாகப் போனார்கள். டீக்கன் சபையை விட்டுப் போகவும் இல்லை. அதே நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு, இயேசுவின் மரணத்தை நினைத்து எடுக்கிற அப்பமும் திராட்சை ரசமும் சுற்றி வரும்போது தட்டைத் தொடாமல் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டார். ‘ஆண்டவரே, இந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை, பிடிக்கிற மாதிரி நடிக்கவும் என்னால் ஆகவில்லை’ என்று போதகர் காலையில் ஜெபித்தார். பதில் எதுவும் வந்ததாக அவருக்குத் தெரியவில்லை.

திருமணம் மாப்பிள்ளையின் ஊரில் நடந்தது. அதற்கு முந்தைய வாரம் அங்கேயே ஞானஸ்நானமும் நடந்தது. அந்த ஊர்ப் போதகர் இரண்டு கேள்வி கேட்டாராம், இவள் இரண்டுக்கும் ஆமாம் என்றாளாம். திருமணம் முடிந்த மூன்றாம் ஞாயிறு புதுத் தம்பதி சபைக்கு வந்தார்கள். அறிவிப்பு நேரத்தில் டீக்கன் எழுந்து, “பாஸ்டர் இப்போவாவது என் பிள்ளைங்களுக்கு ஜெபம் பண்ணுவாரா?” என்று எல்லோரும் கேட்கக் கேட்டார்.

இருவரும் முன்னால் வந்து நின்றார்கள். போதகர் அவர்கள் தலைமேல் கை வைக்கக் குனிந்தபோது அவள் உதடு மட்டும் அசைந்தது. “பொய் சொல்றது ரொம்பச் சுலபமா இருந்துச்சு அங்கிள்.”

அதில் ஏளனம் இருந்ததா, அழுகை இருந்ததா என்று அவருக்குப் பிரித்துத் தெரியவில்லை. தயாரித்து வைத்திருந்த ஜெபம் மறந்துபோனது. டயர் கடை இயந்திரம் ஓய்கிற வரை நின்றார். பிறகு, “ஆண்டவரே, இந்த ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பயப்படாம உண்மை பேசணும். பேசினா மத்தவங்களுக்கு அதைக் கேட்கிற காதைக் கொடும்” என்றார். வேறு எதுவும் வரவில்லை. ஆமென் சொல்லிக் கையை எடுத்தார்.

அவள் நிமிர்ந்து பார்க்காமல் இடத்துக்குப் போனாள். ஆராதனை முடிந்ததும் டீக்கன் வழியை மறித்தார். “ஜெபத்துலகூடக் குத்தணுமா? வாழ்த்தத் தெரியாதா உங்களுக்கு?”

“தெரியாதுண்ணே” என்றார் போதகர். அது குத்தலாகச் சொன்னதல்ல. அப்போது அவருக்கு உண்மையாகவே அப்படித்தான் தோன்றியது.

அந்த வாரம் அவர் ராஜினாமாக் கடிதம் எழுதினார். மூன்று மாதத்தில் போய்விடுவதாக நான்கு வரி. அதற்கு முன் காண்ட்ராக்டரின் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம், “அன்னைக்கு அடக்கத்துல நான் பேசினது தப்பும்மா” என்றார். “தப்பில்ல, அவர் அப்படித்தான்” என்றார் அந்த அம்மா. “ஆனா அதைச் சொல்றதுக்கு எனக்குத்தான் உரிமை இருந்துச்சு. உட்காருங்கன்னு சொல்லமாட்டேன் பாஸ்டர். போயிட்டு வாங்க.”

கடிதம் சபையில் படிக்கப்பட்ட மறுநாள் காலையிலேயே டீக்கன் போதகரின் வீட்டு வாசலில் வந்து நின்றார். கை காற்றில் எதையும் சமன் செய்யவில்லை.

“இதென்ன பாஸ்டர்? ஓட்டுல ஜெயிச்சிட்டு எதுக்குப் போறீங்க?”

“நீங்கதானே போகச் சொன்னீங்க?”

“அது அப்போ. இப்போ போனா, போதகரை விரட்டினவன்னு என்னைத்தானே சொல்லுவாங்க? அடுத்து எவன் வந்தாலும் என்னைப் பார்த்தா பயப்படுவான். நீங்க இருங்க. நான் பெருசா எதுவும் பேசமாட்டேன்.”

போதகருக்குச் சந்தோஷமாக இருந்தது. கெட்ட சந்தோஷம் என்று தெரிந்தும் அதை ஒரு நிமிடம் வாயில் வைத்துச் சுவைத்தார். “முடியாதுண்ணே. வீட்டுல ஓட்டு விழுந்துடுச்சு” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

உள்ளே மனைவி நின்றுகொண்டிருந்தார். “எனக்காகப் போறேன்னு ஊர் முழுக்கச் சொல்லிட்டுத் திரியாதீங்க” என்றார். “அந்தப் பழியும் என் தலையில வேண்டாம்.”

“உனக்காகவும்தான். எனக்காகவும்தான்.”

“அப்படிச் சொல்லுங்க.”

அவர்கள் போன ஊரில் முப்பத்தொரு பேர் கொண்ட ஒரு சபை, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடியது. தொட்டி கிடையாது. ஞானஸ்நானம் என்றால் ஆற்றுக்குத்தான் போக வேண்டும். அந்தச் சபையில் பிறர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் ஒரு தபால்காரரும், எதற்கெடுத்தாலும் கண்ணைக் கசக்கும் ஒரு தையல்காரியும் இருந்தார்கள். இரண்டாம் மாதமே போதகர் தபால்காரரிடம் எரிந்து விழுந்தார். மறுநாள் அவரே போய் மன்னிப்புக் கேட்டார். தபால்காரர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மடியிலிருந்த கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டே இருந்தார். டைல்ஸ் கடைக்காரரின் மகள் சொன்னதைப் போதகர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. மனைவி கேட்பதையும் விட்டுவிட்டார்.

மனைவி ஞாயிறுதோறும் வருவார், பின் வரிசையில் உட்கார்ந்து பாடுவார். அங்கத்தினர் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. சபைச் செயலாளர் மூன்று முறை படிவத்தைக் கொடுத்தனுப்பினார். மூன்று முறையும் அது சமையலறை மேசையில், பிரசங்கத் தாள்களுக்கு அடியில், அப்படியே கிடந்தது.